புத்தாக்க மேதைகளுக்கு நான்கு பொன்னாடைகள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் மூளைக்கு உகந்த பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மழை ஓய்ந்திருக்கும், கடல் அடங்கியிருக்கும், மார்ச் 31-க்குள் செலவழித்தே தீரவேண்டிய பயிற்சி நிதி கம்பெனிகளின் மடியில் கனத்துக்கொண்டிருக்கும். கோவிந்த நகர், விஜய நகர் கரையோர ரிசார்ட்டுகளில் பெங்களூரும் குருகிராமும் வந்து இறங்கும். காலையில் ஸ்கூபா. மாலையில் ராதாநகர் கடற்கரையில் சூரியன் விழுவதைப் படம் பிடித்தல். நடுவே, வெளியே தலைகாட்ட முடியாத வெயில் நேரத்தில், ஏசி அரங்கில் புத்தாக்கப் பயிலரங்கு.

சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள். மேசைமேல், நிறத்துக்கொரு விதமாய் யோசிக்க, ஆறு வண்ணத் தொப்பிகள். "தவறான யோசனை என்று எதுவுமே கிடையாது" என்று பயிற்சியாளர் தொடங்கி வைப்பார். அதைப் பொய்யாக்க மாலைவரை அத்தனை பேரும் பாடுபடுவார்கள். கடற்காற்றின் ஈரத்தில் பசை விட்டுப்போய் யோசனைகள் ஒவ்வொன்றாகத் தரையில் உதிரும். அவற்றைப் பொறுக்கித் திரும்ப ஒட்ட ரிசார்ட் பையன் ஒருவன் நிற்பான். பலகையில் பெரிய எழுத்தில் சிக்கல் எழுதியிருக்கும்: "விருந்தினர் அனுபவத்தை மேலும் இனிமையாக்குவது எப்படி?" கடல் கொந்தளித்தால் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற சிக்கல் அந்தப் பையனிடம் இருக்கிறது. அவன் கையில்தான் எல்லாச் சீட்டும் இருக்கிறது. எழுத ஒரு பேனா யாரும் கொடுக்கவில்லை.

யோசிப்பதற்கும் முறை உண்டு என்பதில் எனக்குச் சண்டை இல்லை. நூல் பிடித்துச் சுவர் கட்டுகிற கொத்தனார் குருட்டாம்போக்கில் கட்டுகிறவரைவிட நல்ல கொத்தனார்தான். ஆனால் இந்தச் சந்தையில் விற்கிற சரக்கைக் கொஞ்சம் முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். கூடி உட்கார்ந்து யோசனை கொட்டும் 'பிரெயின்ஸ்டார்மிங்' முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக் கம்பெனிக்காரர். அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது 1953-இல். ஐந்தே ஆண்டில், 1958-இல், யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள்: அதே எண்ணிக்கை ஆட்களைத் தனித்தனியே உட்கார வைத்தால் கூட்டமாக யோசிப்பதைவிட அதிக யோசனைகள் வந்தன. அன்றிலிருந்து இன்றுவரை நாம் கூட்டமாகத்தான் உட்கார்கிறோம். தனியாக யோசிக்கிறவனுக்கு ரிசார்ட் பில் போட முடியாதே.

அந்த மஞ்சள் சீட்டின் கதை இன்னும் வேடிக்கை. 3எம் கம்பெனியின் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் வலுவான பசை தேடப்போய் வலுவில்லாத பசையைக் கண்டுபிடித்தார். அதை வைத்து என்ன செய்வதென்று ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத் தாள் நழுவுகிற எரிச்சலில் அதே கம்பெனியின் ஆர்ட் ஃப்ரை 1974-இல் அதற்கு ஒரு பயன் கண்டார். கடைக்கு வந்தது 1980-இல். பன்னிரண்டு ஆண்டுத் தற்செயலும் பிடிவாதமும் பெற்ற பிள்ளையைத்தான் இரண்டு நாள் பயிலரங்கின் சுவரில் ஒட்டிவிட்டு, புத்தாக்கம் என்று கைதட்டுகிறோம்.

அரசுக்கும் இந்தப் பக்தி குறைவில்லை. 2010 முதல் 2020 வரை 'புத்தாக்கப் பத்தாண்டு' என்று அறிவித்தார்கள். சாம் பிட்ரோடா தலைமையில் தேசிய புத்தாக்க மன்றம் வந்தது. ஆட்சி மாறியதும் மன்றம் போய் 2016-இல் அடல் புத்தாக்க இயக்கம் வந்தது. 2017 முதல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டி. விடை கண்டுபிடிக்கும் கருவிக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை.

இந்தக் கருவிக் கூட்டத்தில் உண்மையிலேயே படித்த பிள்ளை ஒன்று உண்டு. அதன் பெயர் டிரிஸ். சோவியத் கடற்படையின் காஸ்பியன் பிரிவில் காப்புரிமை வேலை பார்த்த கென்ரிக் ஆல்ட்ஷுலர் என்ற இளைஞர், காப்புரிமைகளைக் குவித்துவைத்து ஆராய்ந்து, கண்டுபிடிப்புகளுக்குள் திரும்பத் திரும்ப ஒரே சில உத்திகள்தான் ஓடுகின்றன என்று கண்டார். பின்னாளில் அவை நாற்பது விதிகளாயின. நல்ல காரியம் செய்த கையோடு ஒரு கெட்ட காரியமும் செய்தார்: 1948-இல், நாட்டில் கண்டுபிடிப்பு வேலை எவ்வளவு சீரழிந்து கிடக்கிறது என்று ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். தீர்வுக்குப் பரிசு கொடுக்கிற அரசுகள் சிக்கலைச் சுட்டுகிறவனுக்கு என்ன கொடுக்கும் என்பது நமக்குத் தெரியாததா? 1950-இல் கைது. 25 ஆண்டுத் தண்டனை. வடதுருவப் பக்கம் வோர்குட்டா வதைமுகாம். ஸ்டாலின் செத்ததால் 1954-இல் வெளியே வந்தார்.

விசாரணைக் காலத்தில் அவரை இரவெல்லாம் கேள்வி கேட்பார்கள். பகலில் தூங்க விடமாட்டார்கள். கண் திறந்திருக்க வேண்டும், காவலாளிக்காக. கண் மூடியிருக்க வேண்டும், உயிர் பிழைக்க. சிகரெட் அட்டையைக் கிழித்து, கருகிய தீக்குச்சியால் கருவிழி வரைந்து, எச்சில் தொட்டு இமைமேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார் என்று அவர் சீடர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் நிலையில் இருந்தாக வேண்டும் என்ற முரண்பாடுதான் டிரிஸின் உயிர்நாடி. அந்த முடிச்சை அவிழ்க்க நான்கு வழி சொல்கிறது அது: காலத்தால் பிரி, இடத்தால் பிரி, நிபந்தனையால் பிரி, முழுமையையும் பகுதியையும் பிரி.

இதைக் கற்றுக்கொள்ள ஹேவ்லாக்குக்கு விமானம் ஏறி, படகு ஏறி வருகிறார்களே, அரங்கின் ஜன்னலைத் திறந்து பார்க்கக் கூடாதா? இந்த நான்கையும் கரைத்துக் குடித்த மேதைகள் டெல்லியிலும் போர்ட் பிளேரிலும் கோப்பு பார்க்கிறார்கள். சோவியத் நாட்டைப்போல நன்றி கெட்டவர்களாக நாம் இருக்க வேண்டாம். ஆளுக்கொரு பொன்னாடை போர்த்துவோம்.

முதல் பொன்னாடை காலத்தால் பிரித்தவர்களுக்கு. அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா பழங்குடிகளின் காப்புக்காட்டை ஊடுருவிப் போகிறது. அந்தப் பகுதியில் சாலையை மூடு என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வியாபாரமும் சுற்றுலாவும் திறந்துவை என்றன. சாலை மூடியிருக்க வேண்டும், திறந்திருக்கவும் வேண்டும்: ஆல்ட்ஷுலர் கண்ட அதே முரண்பாடு. நிர்வாகம் அசரவில்லை. குறித்த மணிக்கு வாகனங்களை வரிசையாகக் கோத்து, போலீஸ் காவலோடு அனுப்பியது. அந்த மணிகளில் சாலை திறந்திருக்கும். மற்ற மணிகளில் உச்ச நீதிமன்றத்துக்கு மரியாதை செலுத்தப்படும். அந்த வரிசை போகிற வழியில் சாப்பாட்டுக்காக ஜாரவா பெண்களை ஆடச்சொன்ன வீடியோ 2012-இல் உலகம் முழுக்க ஓடி நாம் தலைகுனிந்தோம். குனிந்த தலை நிமிர்ந்தபோது அடுத்த வரிசை கிளம்பிக்கொண்டிருந்தது. தீர்ப்புக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அதே தீர்ப்பு மரம் வெட்டுவதற்கும் கடிவாளம் போட்டது. அதற்கு முழுமையாகக் கீழ்ப்படிந்த பிரஜை என்று எனக்குத் தெரிந்து ராஜன் என்ற யானை ஒன்றுதான். தீவுகளில் மரம் இழுத்துக்கொண்டிருந்த அது, வேலை போனதும் ஹேவ்லாக் கடலில் நீந்தப் போய்விட்டது. 2016-இல் சாகும்வரை எந்தப் புத்தாக்கமும் செய்யவில்லை.

இரண்டாவது பொன்னாடை இடத்தால் பிரித்தவர்களுக்கு. கிரேட் நிக்கோபாரில், தொடக்கத்தில் 72,000 கோடி ரூபாய் மதிப்பிட்டு, துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் எல்லாம் சேர்த்து ஒரு திட்டம். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. வெட்டப்படும் மரங்கள் 9.64 லட்சம் என்பது அரசே சொன்ன கணக்கு. காடு அழிய வேண்டும், காடு வளரவும் வேண்டும். என்ன செய்தார்கள்? நிக்கோபாரில் வெட்டிவிட்டு ஹரியானாவில் நடச் சொன்னார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது முடியாத காரியம் என்று எண்ணிக்கொண்டிருந்த நம் முன்னோர் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம் எதையும் படித்ததில்லை. நிலநடுக்கோட்டுப் பக்கத்து மழைக்காடு நிக்கோபாரில் சாய்ந்தால், ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஆரவல்லி மலைச்சரிவில் ஈடாகக் கன்று நிற்கும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை அரசாணையாக்கிக் காட்டியவர்கள் இவர்கள்.

பவளப் பாறைகளுக்கும் இடமாறுதல் உத்தரவு உண்டு: 16,150 பவளக் கூட்டங்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பார்களாம். கலத்தியா விரிகுடாச் சரணாலயத்தை 2021 ஜனவரியில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அங்கே முட்டையிட வருகிற ஏழுவரி ஆமைக்கு 2022-இல் லிட்டில் நிக்கோபாரில் மாற்றுச் சரணாலயம் ஒதுக்கினார்கள். ஆமைக்கு இன்னும் ஆணை நகல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அது பழைய விலாசத்துக்கே வருகிறது.

மூன்றாவது பொன்னாடை, அதே நிக்கோபார் திட்டத்தில், நிபந்தனையால் பிரித்தவர்களுக்கு. வன உரிமைச் சட்டப்படி பழங்குடிகளின் உரிமைகளை முதலில் உறுதிசெய்ய வேண்டும், அவர்கள் சம்மதம் வேண்டும். 2022 ஆகஸ்டில், உரிமைகளெல்லாம் கண்டறிந்து தீர்த்தாயிற்று என்று சான்றிதழ் தயார். பழங்குடி மன்றத்திடம் தடையில்லாக் கடிதமும் வாங்கியாயிற்று. சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த பூர்வீக ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் போகிறது என்று தெரிந்ததும் அதே மன்றம் நவம்பரில் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. திட்டம் திரும்பவில்லை. மக்கள் 'சரி' என்றால் அது சம்மதம். 'சரியில்லை' என்றால் அது கடிதப் போக்குவரத்து. இந்த நிபந்தனையைச் சட்டப் புத்தகத்தில் எழுதாமலே நடைமுறைப்படுத்திய திறமைக்குப் பொன்னாடை போதாது, ஆளுயர மாலையும் போட வேண்டும். அந்தத் தீவின் காட்டில் வாழும் ஷோம்பென் பழங்குடிகளோ சில நூறு பேர், வெளியாரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாதவர்கள். அவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்பதும் ஒரு வசதிதான். ஆல்ட்ஷுலரின் சிறையில் கைதி காகிதக் கண் ஒட்டிக்கொண்டு காவலாளியை ஏமாற்றினான். இங்கே காவலாளியே ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

நான்காவது பொன்னாடை முழுமையையும் பகுதியையும் பிரித்தவர்களுக்கு. நேதாஜி 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் கொடியேற்றினார். அந்தமான் முழுமைக்கும் ஷஹீத், நிக்கோபார் முழுமைக்கும் ஸ்வராஜ் என்பவை அவருடைய ஆசாத் ஹிந்த் அரசு வைத்த பெயர்கள். சரியாக 75 ஆண்டு கழித்து, 2018 டிசம்பர் 30 அன்று, நிக்கோபாருக்கு வைத்த ஸ்வராஜ் என்ற பெயர்ச் சீட்டை உரித்து அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக்மீது ஒட்டினார்கள். நீல் தீவு ஷஹீத் ஆனது. 1857 கிளர்ச்சியை நசுக்கிய ஹென்றி ஹேவ்லாக்கின் பெயர் போனதற்கு யாரும் அழவேண்டியதில்லை. நீல் தீவின் பெயர் அதே கிளர்ச்சியில் கொடூரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் நீலுடையது என்பார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அந்த நீலின் சிலையை எதிர்த்து 1927-இல் தமிழ்த் தொண்டர்கள் சுத்தியலோடு போய், சிறைக்கும் போனார்கள். 1937-இல் ராஜாஜி அரசு சிலையைக் கழற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. சிலையை அகற்றச் சொன்னது அந்த ஊர்க்காரர்கள். ஹேவ்லாக்கிலோ ஊர்க்காரர்களுக்குப் பெயர் மேலிருந்து வந்தது. இன்றும் படகுத்துறையில் அவர்கள் வாயில் ஹேவ்லாக்தான்.

ஸ்வராஜ் என்ற பெயர் கிடைத்தது, ஸ்வராஜ்யம் எங்கே என்று கேட்கிறீர்களா? அதற்கும் முன்மாதிரி உண்டு. 1944-இல் ஆசாத் ஹிந்த் அரசு தீவுகளுக்குத் தலைமை ஆணையராக அனுப்பியவர் ஏ. டி. லோகநாதன் என்ற தமிழ் மருத்துவர். அப்போது தீவுகளைப் பிடித்துவைத்திருந்த ஜப்பானியர் அவரிடம் கல்வித் துறையை மட்டும் கொடுத்தார்கள். போலீஸைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அவர் சில மாதங்களில் தீவை விட்டுக் கிளம்பினார். இன்று இந்த யூனியன் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் கிடையாது. டெல்லி அனுப்புகிற துணைநிலை ஆளுநர், நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு எம்.பி. ஊர் முழுக்க ஸ்வராஜ் பலகை. முழுமை இல்லாமல் பகுதி எப்படி மின்னும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிலரங்கில் கிடைக்கும்?

பொன்னாடைகள் தீர்ந்தன. கைதட்டியது போதும், கையைக் கீழே இறக்குங்கள். இதே ஹேவ்லாக்கின் கடலில் ஒரு சிக்கல் முறைப்படி தீர்க்கப்பட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

1945 ஆகஸ்ட். ஜப்பான் தோற்றுக்கொண்டிருந்தது. கடல் வழி அடைபட்டு அரிசி வரவில்லை. தீவை ஆண்ட ஜப்பானிய ராணுவம் உட்கார்ந்து யோசித்தது. 'உணவு குறைவு' என்று எழுதினால் உணவு தேட வேண்டும்; அது கஷ்டம். 'வாய்கள் அதிகம்' என்று எழுதினால் விடை சுலபம். போர்ட் பிளேரில் வேலைக்கு உதவாதவர்கள் என்று நூற்றுக்கணக்கான இந்தியர்களைப் பொறுக்கியெடுத்தார்கள்: முதியவர், நோயாளி, பெண்கள், பிள்ளைகள். புது நிலம் தருகிறோம், பயிர் செய்து பிழையுங்கள் என்று படகில் ஏற்றினார்கள். இருட்டில், அப்போது ஆளில்லாத ஹேவ்லாக்கின் கரைக்கு எட்டாத தூரத்தில், கடலில் தள்ளினார்கள். நீந்தத் தெரியாதவர்கள் அங்கேயே போனார்கள். கரையேறியவர்கள் காட்டில் தின்ன ஒன்றுமில்லாமல் பட்டினியில் செத்தார்கள். வாரங்கள் கழித்து, போர் முடிந்து பிரிட்டிஷ் படை வந்தபோது உயிரோடு மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முறையில் என்ன குறை? சிக்கலை வரையறுத்தார்கள். தடைகளைப் பட்டியலிட்டார்கள். மரபான விடையை விட்டு மாறி யோசித்தார்கள். இருக்கிற படகையும் இருக்கிற கடலையும் வைத்து, கூடுதல் செலவில்லாமல் முடித்தார்கள். இன்றைய நடுவர் குழு முன்னால் நிறுத்தினால் 'வளங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தியமை' என்ற தலைப்பில் பத்துக்குப் பத்து விழும். ஒரே ஒரு விவரம்: பலகையில் சிக்கலை எழுதிய கை ஒருவனுடையது, கடலில் விழுந்த உடம்பு வேறொருவனுடையது. எந்த முறைக்கும் மனசாட்சி கிடையாது. கொடுத்த கேள்விக்கு விடை சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. கேள்வியை யார் எழுதுகிறான் என்பதில்தான் ஆட்சியே இருக்கிறது. மேஜர் கையில் இருந்தாலும் மேனேஜர் கையில் இருந்தாலும் பேனா பேனாதான். இந்தத் தீவுகளுக்கு அந்தப் பேனா எப்போதும் கப்பலில்தான் வந்திறங்கியிருக்கிறது: பிரிட்டிஷ்காரனோடு, ஜப்பான்காரனோடு, இப்போது ஆலோசனைக் கம்பெனியின் அறிக்கையோடு.

2016 டிசம்பரில், பிறகு வர்தா என்று பெயர் வாங்கிச் சென்னையைச் சாய்த்த அதே காற்றழுத்தம் அந்தமான் கடலைக் கலக்கியது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரக்கணக்கில் சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. மீட்கத்தான் வேண்டும், பாராட்ட வேண்டிய வேலை. கப்பல்கள் கிளம்பியபோது தீவுக்காரர்கள் கரையில் நின்றார்கள். அவர்கள் கணக்கில் வரவில்லை. பயணி அங்கே 'சிக்கியிருக்கிறார்'. தீவுக்காரர் அங்கே குடியிருக்கிறார். கடல் கொந்தளிக்கும் ஒவ்வொரு முறையும் அதே சிக்கல் அவருக்கு வருகிறது, அதற்குப் பெயர்தான் இல்லை.

ஆகவே, நவம்பரில் ஹேவ்லாக் வரவிருக்கும் புத்தாக்கப் பெருமக்களே, உங்கள் பலகைக்கு ஒரு சிக்கல் தருகிறேன். புயல் இரவு. தீவில் பிரசவ வலியோடு ஒரு பெண். ஊரில் ஆரம்பச் சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில், கடலுக்கு அந்தப் பக்கம். படகு ஓடாது, ஹெலிகாப்டர் பறக்காது. என்ன செய்யலாம்?

தொப்பியைத் தேடாதீர்கள். மஞ்சள் சீட்டை எடுக்காதீர்கள். விடையில் புதுமை ஒன்றும் இல்லை: தீவிலேயே அறுவைச் சிகிச்சைக்கூடம், மயக்க மருத்துவர், ரத்த வங்கி, இரவிலும் பணியில் இருக்கும் செவிலியர். ரிசார்ட் பையனுக்குத் தெரியும். படகுத்துறையில் டிக்கெட்டுக்கு நிற்கும் கிழவிக்குத் தெரியும். ஆளுநர் மாளிகைக்கும் தெரியும். விடை எல்லாருக்கும் தெரிந்த சிக்கலைப் பயிலரங்கில் எழுதமாட்டார்கள். எழுதினால் யோசிக்க வேண்டியதில்லை, செலவழிக்க வேண்டியிருக்கும்.